யார் எண்ணுகிறார்கள்? பெருங்குடிப் பெண்களும் பங்கேற்பு ஆய்வும்

பெருங்குடியில் ராஜீவ் காந்தி சாலையின் தகவல் தொழில்நுட்ப வளாகங்களும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை விழுங்கி வளர்ந்த மாநகராட்சிக் குப்பைக் கிடங்கும் அருகருகே இருக்கின்றன. சற்றுத் தெற்கே கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் ஆகிய மறுகுடியமர்வுப் பகுதிகள் உள்ளன. அந்த வளாகங்களின் தரையைத் துடைப்பவர்களும், அடுக்குமாடி வீடுகளில் சமைப்பவர்களும், குப்பையிலிருந்து பிளாஸ்டிக்கைப் பிரித்தெடுப்பவர்களும் பெரும்பாலும் பெண்கள். அவர்களில் தலித் பெண்கள் ஏராளம். இவர்களைப் பற்றி ஆய்வு செய்ய வருவோருக்குக் குறைவில்லை. ஆயினும் கேள்வியை வகுப்பவர் ஒருவராகவும் விடையளிப்பவர் வேறொருவராகவுமே அவ்வாய்வுகளில் பல அமைகின்றன. பங்கேற்பு ஆய்வு இந்தப் பிரிவினையையே கேள்விக்கு உட்படுத்துகிறது.

முறையின் வரலாறு

பிரேசிலில் பாவ்லோ பிரெய்ரே முன்வைத்த கல்விச் சிந்தனையும், கொலம்பியாவின் சமூகவியலாளர் ஒர்லாந்தோ பால்ஸ் போர்தா உழவர்களோடு மேற்கொண்ட பணியும் இம்முறைக்கு அடித்தளம் இட்டன. 1977இல் கொலம்பியாவின் கார்த்தகேனா நகரில் நடைபெற்ற கருத்தரங்கு இதனை உலகறியச் செய்தது. ஒடுக்கப்பட்டோர் தம் வாழ்வைப் பற்றிய அறிவைத் தாமே உருவாக்க வல்லவர்கள். அந்த அறிவு மாற்றத்திற்கான செயலில் முடிய வேண்டும். இவ்விரண்டுமே இம்முறையின் சாரம். 1980களின் இறுதியில் ராபர்ட் சேம்பர்ஸ் போன்றோரின் வழியாக ஊரக வளர்ச்சித் திட்டங்களுக்குள் இது நுழைந்தது. தரையில் வரையும் ஊர் வரைபடம், பருவகால நாட்காட்டி, 24 மணி நேர வேலைப் பட்டியல் ஆகியவை அப்போது பரவலாயின. கருவிகள் பரவிய வேகத்தில் அரசியல் பரவவில்லை. கோலம் போல் வரைபடம் வரையச் சொல்லிப் படம் எடுத்துக்கொண்டு போவதும் 'பங்கேற்பு' என்றே அழைக்கப்பட்டது.

எண்ணப்பட்டவருக்கே உரிமை

எண்ணுதல் எவ்வாறு உரிமையாகிறது என்பதற்கு மும்பை ஒரு பாடம். நடைபாதைவாசிகள் தொடர்ந்த ஓல்கா டெல்லிஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1985 ஜூலை 10 அன்று தீர்ப்பளித்தது. வாழ்வாதார உரிமை, அரசியலமைப்பின் 21ஆம் கூறு தரும் உயிர்வாழும் உரிமையின் பகுதியே என்று அது அறிவித்தது. அதே தீர்ப்பு வெளியேற்றத்தையும் அனுமதித்தது. 1976ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இடம்பெற்று அடையாள அட்டை பெற்றவர்களுக்கு மாற்றிடம் தர ஆணையிட்டது. உரிமை எல்லோருக்கும் உண்டு என்ற தீர்ப்பிலும், அதன் பயன் ஏட்டில் பெயர் இருந்தவர்களுக்கே கிட்டியது.

அதே ஆண்டில் ஸ்பார்க் என்னும் அமைப்பும் நடைபாதைவாசிகளும் இணைந்து சுமார் 6,000 குடும்பங்களைக் கணக்கெடுத்தனர். அரசு ஏடுகளில் இல்லாத அக்குடும்பங்கள் எங்கிருந்து வந்தன, என்ன வேலை செய்கின்றன, எத்தனை முறை இடிக்கப்பட்டன என்பன பதிவாயின. நடைபாதைப் பெண்கள் அதன்பின் 'மகிளா மிலன்' என்ற கூட்டமைப்பாகத் திரண்டு, சேமிப்பையும் கணக்கெடுப்பையும் தம் கையில் எடுத்தனர். தென்னாப்பிரிக்கா உள்ளிட்ட நாடுகளின் குடிசைவாழ் மக்கள் அமைப்புகளும் பின்னர் இவ்வழியைக் கைக்கொண்டன.

காவல் ஏடுகள் சொல்லாதது

தலித் பெண்களைப் பொறுத்தவரை 2006இல் வெளிவந்த ஆய்வொன்று முக்கியமானது. அலோசியஸ் இருதயம், ஜெயஸ்ரீ மங்குபாய், ஜோயல் லீ ஆகியோர், தமிழ்நாடு–புதுச்சேரி உள்ளிட்ட நான்கு மாநிலப் பகுதிகளில் 500 தலித் பெண்களின் வாக்குமூலங்களைத் தொகுத்தனர். பாதிக்கும் மேற்பட்டோர் உடல் தாக்குதலைச் சந்தித்திருந்தனர். சுமார் 40 விழுக்காட்டினர் அச்சம் முதலிய காரணங்களால் சட்டத்தையோ சமூகத் தீர்வையோ நாடவே இல்லை. குற்றவாளிக்குத் தண்டனை கிடைத்த நிகழ்வுகள் 1 விழுக்காட்டிற்கும் குறைவு. பதிவான வழக்குகளை மட்டும் எண்ணும் புள்ளிவிவரத்தில் அந்த 40 விழுக்காட்டினர் தென்பட வழியில்லை. பெண்களையே நேரில் கேட்ட ஆய்வுதான் அந்த மௌனத்தை எண்ணாக்கியது.

பெருங்குடிக்குப் பொருத்தினால்

கண்ணகி நகரில் 2000ஆம் ஆண்டு முதல் குடியமர்த்தல் தொடங்கியது. அங்குள்ள 15,656 வீடுகளுக்கு நகரின் நடுப்பகுதியிலிருந்தும் கடற்கரையோரத்திலிருந்தும் குடும்பங்கள் கொண்டுவரப்பட்டன. வேலை மயிலாப்பூரிலும் வீடு பல கிலோமீட்டர் தொலைவிலும் என்றானபோது பல பெண்கள் வேலையை இழந்தனர். மறுகுடியமர்வின் விளைவுகள் குறித்து வீட்டுவசதி மற்றும் நில உரிமைகள் வலையமைப்பு 2014இல் வெளியிட்ட அறிக்கைகளில், டெல்லியின் சாவ்தா கேவ்ரா, மும்பையின் வாஷி நாக்கா ஆகியவற்றோடு கண்ணகி நகரும் இடம்பெற்றது.

'வேலை செய்கிறீர்களா?' என்று வெளியாள் கேட்டால் 'வீட்டில்தான் இருக்கிறேன்' என்ற விடை வரக்கூடும். அதே பெண்கள் கூடி அமர்ந்து 24 மணி நேரப் பட்டியலை நிரப்பினால், தண்ணீர் பிடித்தது, பேருந்துக்குக் காத்திருந்தது, இரண்டு வீடுகளில் பாத்திரம் துலக்கியது, இரவில் பூக்கட்டியது எல்லாம் வரிசையாக வரும். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 மே முதல் பெண்களுக்குக் கட்டணமில்லை. அச்சலுகை ஒரு பெண்ணின் மாத வரவில் எவ்வளவு மிச்சப்படுத்துகிறது, எந்த நேரத்தில் அப்பேருந்து வருவதே இல்லை என்பதையும் அப்பட்டியலே காட்டும்.

அடுத்த படி, அந்த விவரத்தைச் சட்டத்தோடு இணைப்பது. வீட்டுப் பணியாளர்களும் 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்துக்குள் வருகிறார்கள். அவர்கள் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் மூன்று மாதங்களுக்குள் புகார் தர வேண்டும். அக்குழு எங்கே இருக்கிறது என்று எத்தனை பேருக்குத் தெரியும் என்பதே ஓர் ஆய்வுக் கேள்வி. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் குப்பை சேகரிப்போரை முறையான அமைப்பில் இணைக்கச் சொல்லின. கிடங்கைத் தோண்டித் தரம் பிரிக்கும் பணியில் அவர்களுக்கு இடம் கிடைத்ததா என்று கேட்கலாம். கையில் இருப்பது ஒதுக்கீட்டு ஆணையா, விற்பனைப் பத்திரமா, அதில் பெண்ணின் பெயர் உண்டா என்று வீடு வீடாகப் பார்க்கலாம். வன்கொடுமைத் தடுப்புச் சட்ட விதிகளின்படி மாவட்டக் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையேனும் கூட வேண்டும். அது கூடியதா என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வழியே 30 நாட்களில் கேட்டறியலாம்.

கவனம் கொள்ள வேண்டியவை

இம்முறைக்கும் இடர்கள் உண்டு. கூட்டத்தில் பேசும் சிலரின் குரலே 'மக்கள் கருத்து' ஆகிவிடலாம். குடியிருப்புக்குள்ளேயே சாதி வேறுபாடும் ஆண்களின் மேலாண்மையும் இருப்பதால், தனிக் கூட்டங்கள் இன்றியமையாதவை. வன்முறை பற்றிப் பேசும் பெண்ணின் பெயரும் முகவரியும் வெளிவந்தால் ஆய்வே அவருக்கு ஆபத்தாகும். கூலி வேலையை விட்டு வரும் பெண்ணுக்கு அந்நாளின் ஊதியத்தை ஈடுசெய்யாத ஆய்வு, மற்றொரு கூலியில்லா உழைப்பு.

ஆய்வேட்டுக்காகப் பெருங்குடிக்கும் கண்ணகி நகருக்கும் செல்லும் மாணவர்களிடம் நாம் வேண்டுவது இதுதான். வினாத்தாளை அச்சடிக்கும் முன் அதனை அப்பெண்களோடு அமர்ந்து எழுதுங்கள். முடிவுகளைத் தமிழில் அவர்கள்முன் படித்துக் காட்டித் திருத்தம் பெறுங்கள். திரட்டிய கணக்கின் ஒரு படியை அவர்களிடமே விட்டு வாருங்கள். வெளியேற்ற ஆணை வரும் நாளிலோ ஊதியம் மறுக்கப்படும் நாளிலோ மேசைமீது எடுத்து வைக்க அவர்களிடம் ஒரு தாள் இருக்க வேண்டும். அந்த ஒரு படியை அவர்களிடம் விட்டுச்செல்லாத ஆய்வு, எவ்வளவு நேர்த்தியாக எழுதப்பட்டாலும், அவர்களிடமிருந்து எடுத்துச் சென்றதேயாகும்.