எந்த வகை நிமோனியா?

பெனிசிலின் வரும்வரை நிமோனியாவுக்கு மருந்தே இல்லை என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். மருந்து இருந்தது. ஆனா அதைக் கொடுக்க, பக்கத்தில் ஒரு ஆய்வகம் வேண்டும்.

நியூமோகாக்கஸ் கிருமிகள் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். மேலுறை மட்டும் வகைக்கு வகை மாறும். ஒரு வகையைக் குதிரைக்குச் செலுத்தி எடுக்கும் சீரம் அந்த வகையிடம் மட்டுமே வேலை செய்யும். 1913 வாக்கில் நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் மருத்துவமனையில் ரூஃபஸ் கோல் குழுவினர் முதல் வகைக்கு இந்தச் சிகிச்சையைக் கொடுத்துப் பார்த்தார்கள். இருபதுகளில் ஹார்வர்டின் லாயிட் ஃபெல்டன் சீரத்தைச் செறிவாக்கினார்.

சிக்கல் நேரத்தில் இருந்தது. நோயாளியின் சளியைச் சுண்டெலியின் வயிற்றுக்குள் செலுத்தி, கிருமி பெருகக் காத்திருந்துதான் வகையைச் சொல்ல முடியும். அதற்குள் பல மணி நேரம் போய்விடும். சீரமோ நோயின் முதல் சில நாட்களுக்குள் உடலில் ஏறினால்தான் நல்ல பலன். சிறிய ஊர் டாக்டர் சளியை நகரத்து ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டுப் பதிலுக்காக உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். எங்கள் மொழியில் சொன்னால், மருந்து தயார். லேட்டன்சிதான் ஆளைக் கொன்றது.

தீர்வு பழைய தாள்களிலேயே கிடந்தது. பொருத்தமான சீரம் பட்டால் கிருமியின் மேலுறை வீங்கித் தெரிவதை 1902-லேயே ஃப்ரெட் நியூஃபெல்ட் பதிவு செய்திருந்தார். முப்பதுகளின் தொடக்கத்தில் அதைத் தூசு தட்டி எடுத்தார்கள். சளி, முயல் சீரம், ஒரு கண்ணாடித் தகடு, மைக்ரோஸ்கோப். எலி வேண்டாம், சில நிமிஷத்தில் விடை. அதே நேரத்தில், 1932-இல், நியூயார்க் நகரச் சுகாதாரத் துறை ஆய்வகத்தின் ஜார்ஜியா கூப்பர் குழு அறியப்பட்ட வகைகளை 32 ஆக விரித்தது.

மாசசூசெட்ஸ் மாநிலம் 1931 முதல் 1935 வரை காமன்வெல்த் ஃபண்ட் உதவியுடன் ஒரு நிமோனியா திட்டத்தை நடத்தியது. அதன் அக்கறை புது மருந்து கண்டுபிடிப்பதில் இல்லை. வகை பார்ப்பதையும் சீரத்தையும் பெரிய மருத்துவமனைகளுக்கு வெளியே, சாதாரண டாக்டரின் கைக்கு எட்டவைப்பதில்தான். குதிரைச் சீரம் சிலருக்குக் கடும் ஒவ்வாமை தரும் என்பதால் கொடுப்பவருக்கும் பயிற்சி தேவைப்பட்டது.

1938-இல் சல்ஃபாபைரிடின் வந்தது. எந்த வகை என்று கேட்காமலே வேலை செய்யும் மாத்திரை. சில வருஷங்களில் பெனிசிலினும் சேர்ந்துகொள்ள, வகை பார்க்கும் மேசைகள் காலியாகின.

வகைகள் மட்டும் எங்கேயும் போகவில்லை. 2017-லிருந்து இந்தியாவின் தடுப்பூசித் திட்டத்தில் குழந்தைகளுக்குப் போடும் நியூமோகாக்கல் ஊசியும் குறிப்பிட்ட சில வகைகளுக்கு எதிரானதுதான். அதில் எந்த வகைகளைச் சேர்ப்பது என்று முடிவெடுக்க, இன்றும் யாரோ ஒருவர் கிருமியின் வகையைப் பார்த்துச் சொல்லியாக வேண்டும்.