மருந்து என்னும் சொல்

இலங்கையின் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் காய்ச்சலுக்குப் போடும் பெனடோலும் மருந்து, புல்லுக்கு அடிப்பதும் மருந்து. டிஸ்பென்சரியில் கொடுப்பதா, முதுகில் கலனைச் சுமந்து மலைக்குக் கொண்டுபோவதா என்பதைப் பேச்சின் இடம்பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறோம்.

திருக்குறளின் 95ஆவது அதிகாரத்துக்கு 'மருந்து' என்றுதான் பெயர். அங்கே பேச்செல்லாம் அளவறிந்த உணவும் நோய் தீர்த்தலும். துப்பாக்கி வந்தபோது இதே சொல் வெடிமருந்தாயிற்று; பிறகு எலிமருந்து, பூச்சிமருந்து. தெலுங்கின் 'மந்து', கன்னடத்தின் 'மத்து' இரண்டும் இப்படியே வெடிமருந்துவரை விரிந்தவை. வயலுக்கு நஞ்சு தெளிப்பதைச் சிங்களவரும் 'பெஹெத்' அடிப்பது என்றே சொல்கிறார்கள். 'பெஹெத்' என்றாலும் மருந்துதான்.

வேதியியலிலும் காய்ச்சல் மருந்துக்கும் பூச்சிமருந்துக்கும் ஒரு தாய்ப்பொருள் இருக்கிறது. குளோரோபென்சீனை நைட்ரிக் அமிலமும் கந்தக அமிலமும் சேர்ந்த கலவையால் நைட்ரோ ஏற்றினால், பெரும்பகுதி பாரா-குளோரோநைட்ரோபென்சீன் ஆகும். வெளிர்மஞ்சள் படிகம், ஏறத்தாழ 83 பாகை செல்சியசில் உருகும். தோல்வழியாகவே உடம்பில் ஏறி, இரத்தம் ஆக்சிசனைச் சுமக்க முடியாமல் செய்துவிடும். உதடு நீலம் பாரிக்கும். இதன் குளோரின் இருந்த இடத்தில் ஹைட்ராக்சில் வந்தால் பாரா-நைட்ரோபீனால். அங்கிருந்து ஒரு வழி பாராசிற்றமோலுக்குப் போகிறது. 1956இல் பிரித்தானியாவில் 'பெனடோல்' என்ற பெயரில் விற்பனைக்கு வந்து, இலங்கையில் காய்ச்சல் மாத்திரைக்கே பொதுப்பெயராகிவிட்டது அதுதான். இன்னொரு வழி பரத்தியனுக்கு. ஜெர்மனியில் கெர்ஹார்ட் ஷ்ராடர் 1940களில் கண்டறிந்த பூச்சிக்கொல்லி அது. அதன் வணிகப்பெயர்தான் 'பொலிடோல்'. 1958இல் கேரளத்தில் அந்த நஞ்சு உணவுப்பொருளில் கலந்து நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். தமிழ்நாட்டுச் செய்தித்தாள்களில் 'பாலிடால்' என்றாலே சாவு என்ற பொருள் படிந்தது.

இலங்கை 1984இல் பரத்தியனையும் மெத்தில் பரத்தியனையும் தடைசெய்தது. 1995இல் மிகக் கொடிய பூச்சிக்கொல்லிகளுக்குத் தடை வந்தது. இவற்றைக் குடித்துச் சாவது குறைய, அடுத்த பத்தாண்டில் நாட்டின் தற்கொலை விகிதம் பாதியாகக் குறைந்தது. சட்டம் செய்த வேலை அது. பேச்சு மட்டும் பழைய இடத்திலேயே நிற்கிறது. தோட்டத்து லயத்தில் வளரும் பிள்ளைக்குக் காய்ச்சல் போத்தலும் மருந்து, மூலையில் இருக்கும் களைக்கொல்லிப் போத்தலும் மருந்து என்று சொல்லிக்கொடுப்பதை என்னால் ஏற்கமுடியவில்லை.

அம்மாமாரே, கங்காணிமாரே, ஆசிரியர்களே: தெளிப்பதை இனி 'விஷம்' என்றே பிள்ளைகள் காதுபடச் சொல்லுங்கள்.