பேய் வேடமிட்ட வண்டி

ஒக்டோபர் 31 ஆம் திகதி நெருங்கும்போது பிரித்தானியப் பள்ளிகள் சிலவற்றில் வேடிக்கையொன்று நடைபெறுவதுண்டு. செம்மஞ்சள் தாள் ஒட்டிய காட்போட் பெட்டியொன்று, கண்கள் மினுங்க, வகுப்பறைத் தரையில் தானாகவே உருண்டு வரும். அதனுள்ளே இருப்பது உள்ளங்கையிலும் சிறிய கணினியட்டை பொருத்திய ரோபோ வண்டி. தூரத்தில் நிற்கும் மாணவர் இன்னொரு அட்டையைச் சரிக்கும் பக்கமெல்லாம் வண்டியும் திரும்பும். அலங்கரித்தவரும் ஆணைத்தொடர் எழுதியவரும் அதே மாணவர்தான்.

சிறுபிள்ளை விளையாட்டாகத் தோன்றும் இவ்வண்டிக்கு நீண்ட பூர்வீகம் உண்டு.

ஹலோவீன் இரவின் வேர் அயர்லாந்திலும் ஸ்கொட்லாந்திலும் கொண்டாடப்பட்ட சாவின் என்னும் பழம் பருவவிழாவில் உள்ளது என்பர். அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் அவ்விரவில் ஆவிகள் நடமாடும் என்று மக்கள் நம்பினர். நொவெம்பர் 1 ஐத் திருச்சபை சகல புனிதர் திருநாளாக்கிய பின்னர் அதற்கு முந்திய இரவு ஹலோவீன் ஆயிற்று. அயர்லாந்து மக்கள் டர்னிப் கிழங்கைக் குடைந்து முகம் செதுக்கி உள்ளே விளக்கேற்றினர். 1845 இல் தொடங்கிய கொடும் பஞ்சத்தினால் இலட்சக்கணக்கானோர் கடல் கடந்து அமெரிக்கா சென்றபோது இவ்வழக்கமும் உடன் சென்றது. அங்கே கிழங்கின் இடத்தைப் பூசணிக்காய் பிடித்தது. இன்று ரொறன்ரோவிலும் இலண்டனிலும் தமிழர் வீட்டு வாசல்களிலும் அதனைக் காணலாம்.

பேயின் கதை இவ்வாறிருக்க, வண்டியின் கதை 1898 இல் நியூயோர்க்கில் தொடங்குகிறது. மடிசன் சதுக்க அரங்கில் நடைபெற்ற மின்சாரக் கண்காட்சியில் நிக்கோலா டெஸ்லா நீர்த்தொட்டியொன்றில் சிறு படகை மிதக்கவிட்டார். கம்பித் தொடர்பு எதுவுமின்றி, வானொலி அலை மூலம் அதனைத் திருப்பினார், நிறுத்தினார், விளக்குகளை மினுங்கச் செய்தார். பார்த்தவர்களுள் சிலர் அதனை மந்திரம் என்றனர். பழக்கப்பட்ட குரங்கொன்று உள்ளே ஒளிந்திருக்கிறது என்றோரும் உண்டு. காரணம் புலப்படாத அசைவைக் கண்டால் மனிதமனம் அதற்குள் ஓர் உயிரையோ ஆவியையோ வைத்துவிடும். பேய்க்கதைகள் பிறப்பதும் இவ்வாறே.

அவ்வாண்டு நொவெம்பர் 8 ஆம் திகதி கிடைத்த காப்புரிமையில் டெஸ்லா ஒரு நம்பிக்கையை எழுதிவைத்தார். இக்கருவியின் அழிக்கும் வலிமைக்கு அஞ்சி நாடுகள் நிலையான சமாதானத்துக்கு வந்துவிடும் என்பதே அது. வரலாறு வேறு வழி சென்றது. இரண்டாம் உலகப் போரில் ஜேர்மனி 'கோலியாத்' எனும் சிறு வண்டியை உருவாக்கிற்று. 60 கிலோவுக்குக் குறையாத வெடிமருந்தைச் சுமந்து, கம்பிவழிக் கட்டளைப்படி ஊர்ந்து சென்று, இலக்கோடு தானும் வெடித்துச் சிதறுவது அதன் பணி. 1944 இல் வார்சோ எழுச்சியை அடக்கவும் அது ஏவப்பட்டது. எங்கள் நாட்டின் போர்க்காலத்தில் வன்னி மக்கள் ஆளில்லா வேவு விமானத்துக்கு 'வண்டு' என்று பெயரிட்டிருந்தனர். வானில் அதன் இரைச்சல் கேட்கும். இயக்குபவரின் முகம் ஒருநாளும் தெரியாது. அந்த அச்சத்துக்குப் பேய்வேடம் எதுவும் தேவைப்படவில்லை.

தூரத்துக் கட்டளைக்கு மட்டும் பணியும் இயந்திரத்திலிருந்து, சூழலை உணர்ந்து நடக்கும் இயந்திரத்துக்கு வழிகாட்டியவர் நரம்பியல் ஆய்வாளர் கிரே வோல்ட்டர். 1948, 1949 ஆம் ஆண்டுகளில் பிரிஸ்டல் நகரில் அவர் எல்மர், எல்சி என்று இரண்டு இயந்திர ஆமைகளைச் செய்தார. ஒவ்வொன்றிலும் இரண்டே வால்வுகள், ஒளியை உணர ஒரு கருவி, மோதலை உணர ஒரு கருவி. ஆயினும் அவை ஒளியைத் தேடிச் சென்றன. தடை கண்டு விலகின. முதுகில் மெழுகுதிரி ஏற்றி, இருளில் அவை சென்ற பாதையை நீண்ட நேரம் திறந்துவைத்த கமெராவில் பதிவு செய்தனர். விளக்கேந்தி இருளில் அலையும் அவ்வுருவங்களை ஹலோவீன் வண்டியின் நேர் மூதாதையர் எனலாம்.

அமெரிக்காவில் 1967 இல் சீமோர் பேப்பர்ட், சிந்தியா சொலமன், வொலி ஃபொயர்சைக் ஆகியோர் சிறுவர்களுக்கென 'லோகோ' எனும் கணினிமொழியை உருவாக்கினர். அதன் கட்டளைகளால் தரையில் ஊர்ந்து கோடு வரைந்த ரோபோவும் 'ஆமை' என்றே அழைக்கப்பட்டது. 'முன்னே 100, வலம் 90' என்பதை நான்கு முறை சொன்னால் சதுரம் பிறக்கும். ஆமை வழி தவறினால் பிள்ளை தானே ஆமையாகி நடந்து பார்க்கலாம். பிழை தண்டனைக்குரியதன்று, தேடிக் கண்டு திருத்துவதற்குரியது என்பது பேப்பர்ட்டின் கொள்கை.

அக்கொள்கையின் வழிவந்ததே 'மைக்ரோபிட்' அட்டை. 2016 இல் பிபிசியின் முயற்சியால் பிரித்தானியாவில் 11, 12 வயது மாணவர்களுக்கு ஏறத்தாழ பத்து இலட்சம் அட்டைகள் இலவசமாக வழங்கப்பட்டன. 4 சென்ரிமீற்றர் அகலம், 5 சென்ரிமீற்றர் நீளம், 25 சிறு விளக்குகள், சரிவை உணரும் கருவி, வானொலித் தொடர்பு.

வண்டியில் இரண்டு சில்லுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு மோட்டர். ஒன்றின் வேகத்தைக் குறைத்தால் வண்டி அப்பக்கம் திரும்பும். மோட்டர்கள் எதிரெதிர்த் திசை நோக்கிப் பொருத்தப்பட்டிருப்பதால், இரண்டுக்கும் ஒரே கட்டளை கொடுத்தால் வண்டி நின்ற இடத்திலேயே சுழலும். பேய் பிடித்தது போன்ற இச்சுழற்சியின் காரணத்தை மாணவர் தாமே கண்டறிவார். வகுப்பில் இருவர் ஒரே வானொலிக் குழு எண்ணைத் தெரிவு செய்தால் ஒருவரின் பேய் மற்றவரின் கைக்கும் பணியும். அலங்காரத்திலும் பாடங்கள் உண்டு. தொங்கும் வெள்ளைத் துணி சில்லில் சிக்கும். பெட்டி முழுவதையும் உலோகத் தாளால் போர்த்தினால் வானொலி அலை தடைப்படும். தூரம் அளக்கும் ஒலியுணரியின் இரண்டு வட்டக் குழல்களோ தாமாகவே பேயின் கண்களாகிவிடும்.

இவையனைத்திலும் முக்கியமானது வேறொன்று. வானொலித் தொடர்பு அறுந்தால், கடைசியாகக் கிடைத்த கட்டளையையே பற்றிக்கொண்டு வண்டி ஓடும், சுவரில் மோதும். ஆதலால் 'ஒரு நொடிக்குள் புதிய கட்டளை வராவிடின் நில்' என்ற விதியையும் மாணவர் எழுதிச் சேர்க்க வேண்டியிருக்கிறது. மந்திரம் என்று வியந்த தலைமுறையும் உண்டு, வானத்து இரைச்சலுக்கு அஞ்சி ஒடுங்கிய தலைமுறையும் உண்டு. பெட்டிக்குள் பேயில்லை என்பதையும், இயக்கும் கைக்கு ஒரு பொறுப்பு உண்டு என்பதையும் இந்தப் பிள்ளைகள் பன்னிரண்டு வயதிலேயே அறிந்துகொள்கின்றனர். ஹலோவீன் இரவொன்றில் கிடைக்கக்கூடிய இனிப்புகளுள் இதுவே பெரிது.