மாக்ஸ்வில் வனபோஜனம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், வட கரோலினா மாகாணத்தைச் சேர்ந்த மாக்ஸ்வில் என்னும் சிற்றூரில், 1878-ஆம் ஆண்டு தொடங்கி நூறாண்டுக்கு மேலாக ஆகஸ்டு மாதத்தில் அவ்வூர் பிரீமேசன்கள் (மேசன்கள்) என்னும் ஆடவர் சகோதர சங்கத்தார் நடத்திவந்த வனபோஜனம், உண்டு களிப்பதற்கென்று மட்டும் ஏற்பட்டதன்று. பெற்றோரை இழந்த குழந்தைகளின் சம்ரட்சணைக்குப் பொருள் திரட்டுவதே அதன் பிரதான நோக்கம்.

அக்குழந்தைகளின் இல்லத்துக்கும் ஒரு பூர்வ சரித்திரம் உண்டு. அம்மாகாணத்து மேசன்கள் ஆக்ஸ்போர்டு நகரில் பெரும் ஆவலோடு எழுப்பிய செயின்ட் ஜான்ஸ் கலாசாலை, கடன் சுமையாலும் 1861-இல் மூண்ட உள்நாட்டு யுத்தத்தாலும் நிலைகுலைந்துபோகவே, கல்விக்கென்று கட்டிய அந்த மாளிகையை அவர்கள் 1873-இல் அநாதாசிரமமாக்கினர். அதன் முதல் நிர்வாகியான ஜான் மில்ஸ், குழந்தைகளை ஊர் ஊராக அழைத்துச் சென்று பாடச் செய்து தர்மம் திரட்டினார்.

யுத்தத்தில் தோற்று வறுமையுற்ற அம்மாகாணத்து நாட்டுப்புறங்களில் ரொக்கப் பணம் அரிது. ஆனால் கோழியும் பன்றியும் காய்கனியும் குடியானவர் வீடுகளில் இருந்தன. பயிர்வேலை ஓய்ந்து அறுவடை தொடங்காத ஆகஸ்டு மாத இடைவேளையில், தோப்பு நிழலில் நீண்ட மேசைகளிட்டு, வீட்டுக்கு வீடு சமைத்துக் கொணர்ந்த பொரித்த கோழியையும் உப்பிட்ட பன்றித்தொடையையும் கேக்கையும் பரப்பி, சொற்பொழிவும் ஆசிரமத்துச் சிறாரின் கானமும் சேர்த்தளித்தபோது, பணமாகக் கொடுக்க இயலாதவர் உழைப்பாகக் கொடுத்தனர். இயன்றவர் உண்டு, விலையாகக் கொடுத்தனர். அடைத்த கதவுக்குள் சடங்கு நடத்தும் சங்கம், அந்த ஒரு நாளில் ஊராரைத் தன் விருந்தினராக்கிக்கொண்டது என்பதே இவ்வேற்பாட்டின் சாமர்த்தியம்.

எனினும், விருந்தை ஆக்கிப் படைத்த பெண்களுக்கு அச்சங்கத்தில் அங்கத்தினராகும் உரிமை இருந்ததில்லை. நிற பேதம் வேரூன்றிய அக்காலத்தில் ஆசிரமமும் வெள்ளைக் குழந்தைகளுக்கே உரியதாயிருந்தமையால், கறுப்பினத்துக் குழந்தைகளுக்காக அதே ஆக்ஸ்போர்டில் 1883-இல் வேறோர் அநாதாசிரமம் தோன்ற வேண்டியதாயிற்று.

ஆகவே, மாக்ஸ்வில் மேசன்களின் தர்ம சிந்தையைப் போற்றுவோர், அதற்கு உணவளித்த கைகளையும், அது எட்டாமல்போன குழந்தைகளையும் சேர்த்தே சரித்திரத்தில் எழுதுதல் வேண்டும். அப்பொழுதுதான் அவ்வரலாறு முழுமை பெறும்.