தள்ளாடும் மீன் பிறந்த கதை

1830-களில் பொறியாளர் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் மேலணையைக் கட்டியபோது அவர் மனத்தில் இருந்தது பாசனக் கணக்கு மட்டும்தான். ஸ்ரீரங்கத்தைத் தீவாக்கிக் காவிரியும் கொள்ளிடமும் பிரிகிற அந்த இடத்தில், வாளைக்கும் விராலுக்கும்கூட அவர் ஒரு வசதி செய்து கொடுத்துவிட்டார். அணையைத் தாண்டி விழும் தண்ணீரில் அடிபட்டுப் பொடி மீன்கள் தள்ளாடும். பெரிய மீன்கள் கீழே காத்திருக்கும். தூண்டில்காரர்களுக்கு வேறு பாடம் தேவைப்படவில்லை. உயிருள்ள கெண்டைக் குஞ்சையோ தவளையையோ கொக்கியில் குத்தி விட்டார்கள். அது துடித்தது, விரால் பாய்ந்தது. ஒரே இடைஞ்சல், இரை செத்ததும் ஆட்டம் முடிந்துவிட்டது.

மதராஸ் சிவில் சர்வீஸ் அதிகாரி ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873-இல் 'தி ராட் இன் இந்தியா' என்ற புத்தகத்தை எழுதினார். செத்த மீனையே கொக்கியில் பூட்டி, நீருக்குள் சுழலும்படி இழுக்கும் வித்தை அதில் இருந்தது. துரைமார்கள் மஹ்சீர் மீனைத் தேடி ஆற்றங்கரைகளில் அலைந்தார்கள். ஆனாலும் மீன் பிடிக்க முதலில் மீன் பிடித்தாக வேண்டும்! அந்த முடிச்சை அவிழ்க்கப் போகிறவர் அப்போது பிறக்கக்கூட இல்லை.

1905-இல் பின்லாந்தில் லௌரி பிறந்தார். ஏழு வயதில் தாயோடு வேறு ஊருக்குக் குடிபெயர்ந்தார். அங்கே தேவாலயப் பதிவேட்டில் பெயரெழுதிய பாதிரியாருக்குத் தாயின் குடும்பப் பெயர் மறந்துபோனது. அவர்கள் விட்டு வந்த கிராமத்தின் பெயரையே எழுதி வைத்தார். அந்த மறதிக்கு ஒரு நாள் விலை ஏறும் என்று யார் கண்டார்கள்?

வளர்ந்த லௌரி பைஜானே ஏரியில் மீன் பிடித்துப் பிழைத்தார். ஒரே கயிற்றில் ஆயிரம் கொக்கிகள் வரை கட்டி, ஒவ்வொன்றிலும் பொடி மீன் கோக்கிற வேலை. முதுகு ஒடிந்தது, கையில் காசு நிற்கவில்லை. துடுப்புப் போட்டபடி தண்ணீரையே பார்த்துக் கொண்டிருந்தவர் ஒன்றைக் கவனித்தார். நூறு குஞ்சுகள் கூட்டமாகப் போனாலும் வேட்டை மீன் குறிவைத்தது, கோணலாகத் தள்ளாடிய ஒன்றைத்தான். முக்கொம்புக்காரர்களுக்குத் தெரிந்த அதே ரகசியம்! ஆனால் அடிபட்ட மீனின் ஆட்டத்தைக் கையால் செய்ய முடியுமா?

செருப்புத் தைப்பவரின் கத்தியால் தக்கையைச் செதுக்கினார். ஒன்று நேராக நீந்தியது, ஒன்று கவிழ்ந்தது. 1936-இல் ஒன்று சரியாகத் தள்ளாடியது. பளபளப்புக்குச் சாக்லேட் சுற்றிய தகட்டுத் தாளை ஒட்டினார். வார்னிஷ் வாங்க வசதியில்லை; பழைய புகைப்பட நெகட்டிவ்களை உருக்கிப் பூசினார். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இந்த வறுமைதான். பிறகு இரண்டாம் உலகப் போர் வந்து எல்லாவற்றையும் முடக்கியது.

1959-இல் மினியாபோலிஸ் வியாபாரி ரான் வெபர் கண்ணில் லௌரியின் தக்கை மீன் பட்டது. கூட்டாளி ரே ஆஸ்ட்ரமோடு சேர்ந்து அமெரிக்காவுக்கு வரவழைத்தார். பாறை ஓரம் பதுங்கும் ஸ்மால்மவுத் பாஸ் மீனும் அதில் ஏமாந்தது. 1962 ஆகஸ்டில் 'லைஃப்' பத்திரிகை அதைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டது. அதே மாதம் நடிகை மர்லின் மன்றோ இறந்திருந்தார். அந்த இதழின் அட்டையில் அவர் படம். இதழ் பறந்தது, உள்ளே இருந்த மீனும் கூடவே பறந்தது. குடிசைத் தொழிலாக நடந்த லௌரியின் பட்டறைக்கு சுமார் 30 லட்சம் மீன்கள் கேட்டு ஆர்டர்கள் குவிந்தன. சரக்கு கிடைக்காமல் சில கடைகள் அதை நாள் வாடகைக்கு விட்டன.

பாதிரியார் எழுதிய அந்தக் கிராமத்தின் பெயர் ரப்பாலா. கொள்ளிடக் கரையில் சுழல் ரீலோடு நின்று, இழுத்து, நிறுத்தி, லேசாகச் சுண்டி விளையாட்டுக் காட்டும் இளைஞர்கள், லூர் எனப்படும் போலி இரையின் பெட்டிகளில் பலமுறை பார்த்த பெயர்தான். இன்றும் அந்தப் பெயரில் இயங்கும் நிறுவனம் ஒவ்வொரு போலி மீனையும் தண்ணீர்த் தொட்டியில் நீந்தவிட்டுப் பார்த்துத்தான் பெட்டியில் போடுகிறது. தள்ளாடாமல் நீந்துகிற மீன் அங்கே தேறாது.