பழுது பார்த்த வண்டியும் பழைய பெயரும்



கடந்த பள்ளி விடுமுறையின்போது என் பழைய மாணவர் ஒருவர் இல்லத்திற்கு வந்திருந்தார். ஆறாம் ஆண்டில் என்னிடம் பயின்றவர். இன்று தொழிற்சாலை ஒன்றில் பணிபுரிகிறார். கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். இரண்டே இருக்கைகள் கொண்ட சிவப்பு நிற ஸ்போர்ட்ஸ் கார்.

"ஐயா, இந்த வண்டி ஒரு முறை மோதி நொறுங்கியது. பழுது பார்த்துவிட்டார்கள். அதனால் விலை பாதிதான். சிப்பாங் பந்தயத் தடத்தில் ஓட்டிப் பழகத்தான் வாங்குகிறேன். பிறகு விற்கும்போது மோதிய கதையை யாரிடமும் சொல்லப் போவதில்லை" என்றார்.

அந்தக் கடைசி வாக்கியம் என் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. மகிழுந்துகளைப் பற்றி நான் அறிந்தது சிறிதே. ஆயினும் வரலாற்று நூல்களில் படித்த ஒரு வண்டியின் கதை நினைவுக்கு வந்தது. அவருக்குச் சொன்னதை இங்கும் பதிவு செய்கிறேன்.

இங்கிலாந்தின் பென்ட்லி நிறுவனம் உருவாக்கிய 'ஸ்பீட் சிக்ஸ்' வகை வண்டிகளுள் ஒன்றுக்கு 'ஓல்ட் நம்பர் ஒன்' என்று பெயர். பிரான்சு நாட்டின் லெ மான் நகரில் நடைபெறும் 24 மணி நேரப் பந்தயத்தில் 1929-ஆம் ஆண்டு ஊல்ஃப் பர்னாட்டோவும் டிம் பர்கினும் அதனை ஓட்டி வென்றனர். 1930-இல் பர்னாட்டோவும் கிளென் கிட்ஸ்டனும் அதே பெயர் தாங்கிய வண்டியில் மீண்டும் வென்றனர். பர்னாட்டோ அந்நிறுவனத்தின் தலைவரும் ஆவார்.

பந்தய வண்டி என்பது ஓடி ஓடித் தேய்வது. ஒவ்வொரு போட்டிக்கும் முன்னும் பின்னும் பாகங்கள் மாற்றப்பட்டன. 1931-இல் பென்ட்லி நிறுவனம் நொடித்து ரோல்ஸ் ராய்ஸ் வசம் சென்றது. ஆனால், அந்த வண்டி பந்தயங்களில் தொடர்ந்து ஓடியது. 1932-இல் அதில் 8 லிட்டர் இயந்திரம் பொருத்தப்பட்டது. அவ்வாண்டு செப்டம்பர் மாதம் புரூக்லண்ட்ஸ் தடத்தில் 500 மைல் பந்தயம் நடந்தது. அத்தடத்தின் வளைவுகள் சுவர்போல் உயர்ந்து சரிந்தவை. கிளைவ் டன்ஃபீ என்ற ஓட்டுநர் வேறொரு வண்டியை முந்த முயன்ற வேளையில், சக்கரம் சரிவின் மேல் விளிம்பைக் கடந்தது. வண்டி தடத்தை விட்டுப் பறந்தது, அவர் உயிரிழந்தார்.

சிதைந்த வண்டியைப் பர்னாட்டோ எறிந்துவிடவில்லை. சாலையில் ஓடும் மூடிய மகிழுந்தாக அதனை மறுபடியும் கட்டச் செய்தார். பல கைகள் மாறிய பின்னர், எட் ஹப்பர்ட் என்பவர் அதனை வாங்கிப் பழைய பந்தய வடிவத்திற்குக் கொண்டு வந்தார். ஏறக்குறைய 1 கோடி பவுன் மதிப்பில் விற்பனை பேசப்பட்டது. ஆனால், 'இது உண்மையான ஓல்ட் நம்பர் ஒன் அன்று' என்று கூறி, வாங்க ஒப்பிய நிறுவனம் பின்வாங்கியது. வழக்கு இலண்டன் நீதிமன்றத்திற்குச் சென்றது.

1990-இல் நீதிபதி ஓட்டன் தீர்ப்பு வழங்கினார். வல்லுநர்களின் சாட்சியங்கள் ஒவ்வொரு பாகமாக ஆராயப்பட்டன. லெ மானில் வென்ற நாளில் இருந்த பாகங்களுள் எஞ்சியவை மிகச் சிலவே என்பது தெளிவாயிற்று. ஆயினும் அந்த வண்டி இடையில் மறைந்து, பிறகு எவரோ புதிதாகச் செய்த போலி அன்று. ஒவ்வொரு மாற்றமும் முந்தையதன் மேல் தொடர்ந்து நிகழ்ந்தது. ஆகவே, அந்தப் பெயருக்கு அதுவே உரியது என்று நீதிபதி முடிவு செய்தார். விற்றவர் வென்றார்.

நம் தோட்டக் கோயில்களை எண்ணிப் பாருங்கள். அத்தாப்புக் கொட்டகையில் தொடங்கியது பலகையாகிறது, பலகை செங்கல்லாகிறது, பின்னர்க் குடமுழுக்கு நடக்கிறது. முதல் நாள் நட்ட கம்பு ஒன்றுகூட எஞ்சியிராது. ஆயினும், 'எங்கள் தாத்தா காலத்துக் கோயில்' என்றுதானே சொல்கிறோம்! பொருள் மாறினாலும் வரலாறு அறுபடவில்லை.

"அப்படியானால் பழுது பார்த்த வண்டியை வாங்கலாம், அப்படித்தானே ஐயா?" என்றார் மாணவர்.

அங்கேதான் ஒரு வேறுபாடு உண்டு. அந்நாளைய பென்ட்லியில் அடிச்சட்டம் தனி, மேற்கூடு தனி. இன்றைய மகிழுந்துகள் பெரும்பாலானவற்றில் கூடே சட்டம். கூடு வளைந்தால் சக்கரங்களைத் தாங்கும் இடங்களும் விலகும். வலிமை மிகுந்த எஃகை முறையின்றிச் சூடாக்கி நிமிர்த்தினால் அதன் வலிமை குன்றும். வண்ணம் பூசிவிட்டால் கண்ணுக்கு எதுவும் புலப்படாது. நம் பட்டறைகளில் 'கட் அண்ட் ஜாயின்ட்' என்பார்களே, இரு வண்டிகளின் பாதிகளை ஒட்டிய வண்டி, அதுவும் வெளித்தோற்றத்தில் புதிதுபோலவே மின்னும்.

சிப்பாங் தடம் 5.543 கிலோமீட்டர் நீளமும் 15 வளைவுகளும் கொண்டது. அங்குள்ள இரு நீண்ட நேர்ப்பாதைகளின் முடிவிலும் முழு வேகத்திலிருந்து கடுமையாக நிறுத்தி வளைய வேண்டும். சாலையில் பல ஆண்டுகள் மறைந்திருக்கும் குறை, அங்கே ஒரே நொடியில் வெளிப்படலாம். வண்டியின் பெயரை வரலாறு காக்கும். ஓட்டுபவரின் உயிரைக் காப்பது அளவுகோல்தான். எனவே, மோதிய நிலையில் எடுத்த படங்கள், மாற்றிய பாகங்களின் பட்டியல், பட்டறைச் சீட்டு ஆகியவற்றைக் கேட்கும்படி சொன்னேன். வண்டியை உயர்த்தி அடிப்பகுதியின் பற்றவைப்புகளைப் பார்க்கவும், கூட்டின் அளவுகளைத் தயாரிப்பாளரின் அளவுகளோடு ஒப்பிடவும் தேர்ந்த தொழில்நுட்பர் ஒருவரை அழைத்துச் செல்லச் சொன்னேன்.

மூன்று வாரங்கள் கழித்து அவர் தொலைபேசியில் அழைத்தார். சிவப்பு வண்டிக்காரர் படங்களைக் காட்ட மறுத்துவிட்டாராம். வேறொருவரிடம் வாங்கிவிட்டாராம். அதுவும் மோதிய வண்டிதான். ஆனால், தடித்த கோப்பு ஒன்றில் எல்லாப் படங்களும் சீட்டுகளும் இருந்தனவாம். அளந்து பார்த்ததில் கூடு நேராக இருந்ததாம்.

"தடத்தில் ஓட்டிய நாள்களையும் மாற்றிய பாகங்களையும் நானும் அந்தக் கோப்பில் எழுதி வைக்கிறேன் ஐயா. விற்கும்போது கோப்போடுதான் கொடுப்பேன்" என்றார்.

என் நெஞ்சில் தைத்த முள் அன்றுதான் அகன்றது.