புகழ் கொடுத்தார்கள், பெயரை மட்டும் கொடுக்கவில்லை



நாடகமும் அரங்கியலும் படிக்கும் நம் பிள்ளைகளை மனதில் வைத்து எழுதுகிறோம். மற்றவர்களும் வாசிக்கலாம். இம்முறை கல்கத்தாவுக்குப் போவோம்.

1873இல் அங்கே பெங்கால் தியேட்டர் நான்கு பெண்களை நடிக்கச் சேர்த்தது. அதுவரை பெண் வேடத்தையும் ஆண்களே கட்டினார்கள். கௌரவமான வீட்டார் யாரும் மகளை மேடைக்கு அனுப்பமாட்டார்கள் என்பதால், நால்வரும் கணிகையர் குடியிருப்பிலிருந்தே வந்தார்கள். விதவை மறுமணத்துக்காக ஊரையே எதிர்த்து நின்ற ஈஸ்வர சந்திர வித்யாசாகர்கூட இதைப் பொறுக்காமல் அந்த அரங்கின் குழுவிலிருந்து விலகினார். சீர்திருத்தக்காரருக்கும் ஓர் எல்லை இருந்திருக்கிறது!

அடுத்த வருடமே இன்னோர் அரங்கில் பத்து ரூபாய் மாதச் சம்பளத்துக்குச் சேர்ந்த சிறுமிதான் பினோதினி தாசி. வயது பதினொன்று, பன்னிரண்டு இருக்கும். முதல் வேடம் திரௌபதியின் தோழி.

1875இல் அந்தக் குழு வடஇந்தியாவுக்குப் போனது. லக்னோவில் 'நீல் தர்ப்பண்' நாடகம். அவுரித் தோட்டத் துரைமாரின் கொடுமையைச் சொல்லும் கதை. அதில் தோராப் என்ற முஸ்லிம் விவசாயி, ஓர் இந்துப் பெண்ணைக் காப்பாற்றத் துரையைப் பிடித்து அடிப்பான். அந்தக் கட்டத்தில் பார்த்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரர்கள் கொதித்து மேடையேறிவிட்டார்கள். நடிகர்கள் நடுங்கிப்போனதைப் பினோதினி தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

பிறகு 'மிருணாளினி'யில் மனோரமாவாக நடித்தார். நாவலை எழுதிய பங்கிம் சந்திரரே வந்து பார்த்தார். தாம் தாளில் எழுதிய பெண்ணை நேரில் காண்போம் என்று நினைத்ததில்லை என்ற கருத்தில் அவர் பேசியதாகப் பினோதினி குறிப்பிடுகிறார். எழுத்தாளன் ஒருவனிடமிருந்து இதற்கு மேல் என்ன பாராட்டு வேண்டும்? 'மேகநாதவதம்' நாடகத்தில் ஒரே இரவில் ஏழு வேடங்கள் போட்டார். பத்திரிகைகள் அவரைச் சுதேச மேடையின் மலர் என்றன. 1884இல் 'சைதன்ய லீலா'வில் ஆண் வேடமான சைதன்யராகவே நடித்தார். அதைப் பார்க்க ராமகிருஷ்ண பரமஹம்சர் வந்து ஆசீர்வதித்துப் போனார்.

இதற்கிடையில் நடந்ததுதான் நம்மை எழுத வைத்தது. குர்முக் ராய் என்ற இளம் பணக்காரர் பினோதினியை விரும்பினார். நாடகத்தை விட்டுவிட்டால் ஐம்பதாயிரம் ரூபாய் தருவதாகவும் சொன்னார். பினோதினி பணம் வேண்டாம், அரங்கு கட்டித் தாருங்கள் என்றார். அரங்குக்கு அவர் பெயரையே வைப்பதாகச் சக நடிகர்கள் வாக்களித்தார்கள். அந்த நம்பிக்கையில் கூடை கூடையாக மண்ணும் சுமந்தார். 1883இல் பீடன் தெருவில் அரங்கு எழுந்தது. பதிவு செய்தபோது பெயர் 'ஸ்டார் தியேட்டர்'. ஒரு கணிகையின் பெயரைப் பலகையில் எழுதினால் கூட்டம் வராது என்று கணக்குப் போட்டிருந்தார்கள். அவர் நடிப்பதைப் பார்க்கக் கூட்டம் வந்தது என்பது வேறு விஷயம்.

1887 ஜனவரி முதலாம் திகதியோடு மேடையை விட்டார். வயது இருபத்துநான்கைத் தாண்டவில்லை.

பின்னாளில் மகள் சகுந்தலாவைப் படிக்க வைக்க ஆசைப்பட்டார். தாய் யார் என்று பார்த்து, பாடசாலையில் இடம் கொடுக்கவில்லை. சிறு வயதிலேயே அந்தப் பிள்ளை இறந்துபோனாள். அனுமதிப் பத்திரத்தோடு நம் முன்னால் வந்து நிற்கும் தாய்மாரை நினைத்துக்கொண்டுதான் இந்த வரியை எழுதுகிறோம்.

சுயசரிதை எழுதியபோது, அவருக்கு நடிப்புச் சொல்லிக்கொடுத்த கிரிஷ் சந்திர கோஷ் முன்னுரை கொடுத்தார். புகழ்ந்துதான் எழுதியிருந்தார். பினோதினிக்கு அது திருப்தியாக இல்லை. நடந்த உண்மைகள் பல அதில் இல்லை என்றார். திருத்தித் தருவதாகச் சொன்ன கிரிஷ், அதற்குள் 1912இல் காலமானார். எங்கள் பார்வையில், அவர் மேடையில் செய்த எதையும்விட இந்த மறுப்பு பெரியது. குருவின் கையிலிருந்து வந்த பாராட்டையும் நிறுத்துப் பார்த்திருக்கிறார்.

அவர் இறந்தது 1941இல். ஸ்டார் தியேட்டருக்குப் பினோதினியின் பெயரைச் சூட்டுவதாக மேற்கு வங்க முதலமைச்சர் மம்தா பானர்ஜி அறிவித்தது 2024 டிசம்பரில். ஆனால் அது 1888இல் ஹாத்திபாகானில் கட்டிய வேறு கட்டிடம். பினோதினி மண் சுமந்த பீடன் தெரு அரங்கு, வீதி போடுவதற்காக எப்போதோ இடிக்கப்பட்டுவிட்டது.